நியூஸ்பிரிண்ட் இறக்குமதி: இரண்டு கோடுகள் போடும் முன்

இந்தியாவும் இலங்கையும் ஆண்டுதோறும் வெளிநாடுகளிலிருந்து எவ்வளவு நியூஸ்பிரிண்ட் (நாளிதழ் அச்சிடும் காகிதம்) வாங்குகின்றன என்று ஒப்பிடுவது எளிது போலத் தோன்றும். ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளத்தில் 4801 என்ற சுங்கக் குறியீட்டைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வரைபடம் தயார். அதே பத்து நிமிடத்தில் பெரும்பாலோர் செய்துவிடும் தவறு, டாலர் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு காகிதத்தைப் பற்றிப் பேசுவது.

ஒரு நாடு டன் 500 டாலர் விலையில் 1,000 டன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 5 லட்சம் டாலர். மறு ஆண்டு விலை 1,000 டாலராகிறது. 600 டன்தான் வாங்க முடிகிறது. செலவு 6 லட்சம். கோடு மேலே போகிறது, காகிதமோ 40 சதவீதம் குறைந்துவிட்டது. இது வெறும் கற்பனை நிலைமை அல்ல. 2020க்கும் 2022க்கும் இடையில் உலகச் சந்தையில் நியூஸ்பிரிண்ட் விலை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 2022 மார்ச்சில் இலங்கையில் காகிதம் கிடைக்காமல் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சாகாமல் நின்றன. இந்தத் தட்டுப்பாடு டன் கணக்கில்தான் தெரியும். மதிப்பை எடையால் வகுத்தும் பார்த்துவிடுங்கள். ஓர் ஆண்டில் மட்டும் டன் விலை பத்து மடங்கு எகிறினால், பதிவில் எங்கோ பிழை இருக்கிறது.

அடுத்தது, ஆண்டு. இந்திய அரசின் வணிகப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் வரும். இலங்கைக்கு ஜனவரி முதல் டிசம்பர். இலங்கையின் 2022ஐ இந்தியாவின் 2021-22க்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மூன்றே மாதங்கள். மாதவாரித் தரவை எடுத்துக் கூட்டிக்கொள்வதே நல்லது, அலுப்பான வேலைதான் என்றாலும்.

2020ஐ அடிப்படை ஆண்டாக்கி, அதன் அளவை 100 என்று வைத்து மற்ற ஆண்டுகளை அதோடு ஒப்பிடாதீர்கள். கொரோனாவில் நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்த ஆண்டு அது. அதற்குப் பிறகு எது வந்தாலும் வளர்ச்சி போலவே தெரியும். இந்தியாவுக்கு 2019ம் சங்கடமான ஆண்டு: அந்த ஜூலையில் நியூஸ்பிரிண்டுக்கு 10 சதவீதச் சுங்க வரி வந்தது; 2020 பிப்ரவரியில் அது 5 ஆனது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, இறக்குமதி குறைந்தால் ‘வாசிப்பு செத்துவிட்டது’ என்று எழுதுவது. இந்தியாவில் உள்நாட்டு ஆலைகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர் ஆலை 1950களிலேயே உற்பத்தியைத் தொடங்கியது. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து நியூஸ்பிரிண்ட் செய்தார்கள். பின்னர் அந்த ஆலை எழுது காகிதத்துக்கும் அச்சுக் காகிதத்துக்கும் மாறிவிட்டது. இப்படி ஓர் ஆலை மாறினால், வாசகர் ஒருவர்கூடக் கூடாமலே இறக்குமதித் தேவை கூடும். காகிதத்தின் கனமும் கணக்கில் வரும்: சதுர மீட்டருக்கு 45 கிராமிலிருந்து 42க்கு இறங்கினால், அதே ஒரு டன்னில் சுமார் 7 சதவீதம் கூடுதல் பரப்பு கிடைக்கிறது.

வார இதழ்களின் பளபளப்புப் பூச்சுத் தாள் 4801இல் வராது. டீக்கடையில் வடை மடித்துத் தரும் கொரிய மொழி நாளிதழும் கப்பலில் வந்த காகிதம்தான். ஆனால் அதை 4707இல், கழிவுக் காகிதத்தோடு தேட வேண்டும்.