வீட்டில் கயாக் செய்ய மரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

கயாக் (துடுப்பால் செலுத்தும் குறுகிய, இலேசான படகு) செய்ய மரம் வேண்டும் என்று மரவாடியில் கேட்டால், பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது தேக்குதான். தண்ணீரைத் தாங்கும், கரையான் அண்டாது, நூறாண்டு நிற்கும் என்று சொல்வார்கள்; அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் கயாக்கை ஒருவரே தோளில் சுமந்து கரைக்கும் வண்டிக்கும் இடையே நடக்க வேண்டும் என்பதையும், இன்று அதன் உடலுக்கு நீரிலிருந்து காப்பளிப்பது மரத்தின் வைரம் அன்று, அதன்மீது ஒட்டும் ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) துணியும், எப்பாக்ஸி என்னும் இறுகும் செயற்கைப் பிசினும்தான் என்பதையும் மனத்தில் கொண்டால், தேட வேண்டியது நீண்ட ஆயுள் உள்ள மரத்தையல்ல, எடை குறைந்த மரத்தை என்பது விளங்கும்.

படி 1: செய்முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளைக் கைக்கொள்கிறார்கள். மெல்லிய ப்ளைவுட் பலகைகளை வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எப்பாக்ஸியால் நிரப்புவது முதல் வழி. (சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்தே செய்யப்பட்டன, ஆனால் இங்கே தையல், பிசின் இறுகும் வரைக்கும்தான்.) ஏறத்தாழ 6 மி.மீ. தடிமனும் 19 மி.மீ. அகலமும் உள்ள மரப்பட்டிகளை அச்சுகளின்மீது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி உடலை உருவாக்குவது இரண்டாவது. மரச்சட்டகம் கட்டி அதன்மீது துணி போர்த்துவது மூன்றாவது. கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கரையொதுங்கிய மரத்தையும் கடல்நாய்த் தோலையும் கொண்டு செய்தது இந்த வகைதான். முதன்முறை செய்பவருக்கு நான் ப்ளைவுட்டையே சொல்வேன். வளைவுகள் எளியவை, கருவிகள் குறைவு, பிழையைத் திருத்தவும் இடமுண்டு.

படி 2: எடையைக் கணக்கிடுங்கள்

மர வியாபாரி சொல்லும் பெயரை நம்புவதைவிடத் தராசை நம்புவது நல்லது. சிறு துண்டு ஒன்றை வாங்கி, நீள அகல தடிமன்களைச் செ.மீ.யில் பெருக்கி, கிராமில் உள்ள எடையை அந்தக் கன அளவால் வகுங்கள். 30 × 10 × 2 செ.மீ. துண்டின் கன அளவு 600; அது 240 கிராம் இருந்தால் அடர்த்தி 0.40. மேலைநாட்டார் பட்டிக் கயாக்குக்கு விரும்பும் மேற்கத்தியச் செஞ்சீடர் (western red cedar) மரம் 0.37 அளவிலும், ப்ளைவுட் கயாக்குகளில் பெயர்பெற்ற ஆப்பிரிக்க ஒக்கூமே 0.43 அளவிலும் உள்ளன. தேக்கு ஏறத்தாழ 0.65. என் கணக்கில் 0.35 முதல் 0.50 வரை உள்ள எதுவும் பட்டிக்கு ஏற்றது.

இந்த வேறுபாடு படகில் எப்படித் தெரியும்? எட்டுக்கு நான்கு அடி அளவில் 4 மி.மீ. ஒக்கூமே ப்ளைவுட் ஒன்று சுமார் 5 கிலோ இருக்கும். அதே அளவில் கர்ஜன் மரப்படலத்தால் ஆனது 8 கிலோவைத் தாண்டும். ஐந்து மீட்டர் கயாக்குக்கு ஏறக்குறைய மூன்று பலகைகள் செல்லும். தடிமனான பலகைதான் கிடைக்கிறது என்று 6 மி.மீ. கர்ஜனை வாங்கினால், கழிவு நீக்கும் முன் மரம் மட்டுமே 38 கிலோ ஆகிவிடும். அதை ஒருவர் தூக்க முடியாது.

படி 3: ப்ளைவுட்டைச் சோதியுங்கள்

இந்தியாவில் கடல்தரப் ப்ளைவுட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 710, பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 1088. வீட்டு அலமாரிக்கு விற்கப்படும் ஐ.எஸ். 303 வகை இதற்கு ஈடாகாது. ஆனால் முத்திரையைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். நான் முதலில் வாங்கிய பலகையில் முத்திரை பளிச்சென்றே இருந்தது. அதன் துண்டை அடுப்பில் வேகவைத்த மூன்றாம் மணியில் அது அப்பளம்போலப் பிரிந்துகொண்டது. நீரைத் தாங்கும் பசை 72 மணி நேரக் கொதியைத் தாங்க வேண்டும். வீட்டில் நான்கு மணி நேரம் கொதிக்கவைத்து, இரவு முழுதும் உலர்த்தி, மீண்டும் நான்கு மணி நேரம் கொதிக்கவைத்தாலே மோசமான பலகை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, பலகையின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். படலங்களுக்கு இடையே பொந்து தெரிந்தால் உள்ளேயும் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். வளைக்கும்போது பலகை அந்த இடத்தில்தான் முறியும். மேற்படலம் தாளைப்போல மெலிந்தும் நடுப்படலம் மட்டும் தடித்தும் இருக்கும் பலகையையும் தவிர்த்துவிடுங்கள். தேய்க்கும்போதே மேற்படலம் காணாமல் போய்விடும்.

படி 4: பட்டிக்கும் சட்டத்துக்கும் மரம்

செஞ்சீடர் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் ப்ளைவுட் ஆலைகளுக்காக வளர்க்கப்படும் மலைவேம்பும், கட்டுமரங்களுக்குப் பயன்பட்ட அல்பீசியா வகைகளும் இலேசானவை. தாமாக மழையைத் தாங்கும் மரங்கள் அல்ல என்றாலும், இருபுறமும் துணியும் பிசினும் மூடிவிட்டால் அது பெரிய குறையில்லை. இறக்குமதிப் பைனில் கணு இல்லாத பலகையைப் பொறுக்கினால் அதுவும் உதவும். கேரளத்துச் சுண்டன் வள்ளங்கள் செய்யப்படும் அயினி அருமையான படகு மரம். கயாக்கின் விளிம்புச் சட்டத்துக்கு அதில் சிறிதளவு போதும், உடல் முழுவதற்கும் அது கனம்.

மரத்தின் இனத்தைவிட ரேகை, அதாவது நார் ஓடும் திசை, முக்கியம். பலகையின் மூலையிலிருந்து சிறு சில்லை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு ஓரத்துக்கு இணையாக ஓடினால் பட்டி வளையும்; குறுக்கே சரிந்து வெளியேறினால் வளைக்கும்போது அங்கேயே உடையும். வெளிறு (மரத்தின் வெளிப்பகுதி) நீங்கிய, முறுக்கு இல்லாத நீளப் பலகை கிடைக்காவிட்டால் குட்டைப் பலகைகளை வாங்கிச் சாய்வாகச் சீவி இணைக்கலாம். தடிமனைப்போல எட்டு மடங்கு நீளச் சாய்வு வேண்டும், 6 மி.மீ. பட்டிக்கு அது 48 மி.மீ. துணிபோர்த்தும் கயாக்கின் விலாக்களுக்கு மட்டும் சூளையில் உலர்ந்த மரம் ஆகாது. பச்சை மரத்தை ஆவியில் வைத்தே வளைக்க வேண்டும்.

படி 5: ஈரத்தை அளவிடுங்கள்

எப்பாக்ஸி ஒட்ட, ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. மானி இல்லாதவர்கள் ஒரு துண்டை நிறுத்து, சுமார் 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை மின் ஓவனில் காயவைத்து, இழந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கலாம்: 224 கிராம் 200 ஆனால், ஈரம் சரியாக 12. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வாங்கிய மரத்தை ரீப்பர்க் கட்டைகள் இடையிட்டு, காற்றோட்டமான நிழலில் சில வாரங்களேனும் அடுக்கி வையுங்கள். சீடர் வகைகளை இழைக்கும்போது முகமூடி கட்டாயம். செஞ்சீடர்த் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது.

முழு மரத்தையும் வாங்கும் முன், இரு துண்டுகளை நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே பிசினால் ஒட்டி, மூன்று நாள் கழித்துச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். மரநார் கிழிந்து உடைந்தால் அந்த மரத்தையே வாங்கலாம். ஒட்டிய கோட்டிலேயே வழவழவென்று பிரிந்தால், தேக்கைப்போல எண்ணெய் உள்ள மரமா, ஈரமா, பிசின் கலவையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரணம் தெரியும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.