துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டால் ஆயிற்றா?

மும்பை தாராவியில் இட்லி போடும் வீடு ஒன்றில் வேலை பார்த்த பையனுக்கு டிபி (காசநோய்). மாத்திரை இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதம் இருமல் நின்றது. “அண்ணாச்சி, சரியாப் போச்சு, ஊருக்குப் போறேன்” என்று திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிட்டான். மருந்து கொடுத்த இடத்தில் ‘ஆள் வரவில்லை’ என்று எழுதி வைத்தார்கள்.

அவனைத் திட்டுவது சுலபம். மாத்திரை வாங்கப் பகலில் போனால் அன்றைய கூலி போச்சு. ரேஷன் கார்டு ஊரில். டிபி நோயாளிகளின் சத்தான சாப்பாட்டுக்கு அரசின் நிக்‌ஷய் திட்டத்தில் வரும் பணம் (2018-இல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000) வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அவன் கணக்கோ கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாமல் முடங்கிக் கிடந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள்.

மாநகராட்சிச் சேவைகளை வருமுன் காக்கும்படி மாற்றப்போகிறோம் என்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மருந்து, ரேஷன், வங்கி என எல்லா மேசைகளையும் ஒரே கூரையின் கீழ் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. மேசைகள் பேசிக்கொள்ளாவிட்டால் நமக்கு மிச்சம் ஆட்டோ காசு மட்டும்தான். ஒருவருக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஊருக்குப் போகிறான் என்று அப்படி ஒருவர் கேட்டறிந்திருந்தால், நிக்‌ஷய் பதிவு வழியாகவே சிகிச்சையைத் திருநெல்வேலிக்கு மாற்றியிருக்கலாம்.

அடுத்தது, சுகாதாரம் என்றால் சுகாதாரத் துறை மட்டும்தான் என்று விட்டுவிடுவது. அதே மும்பையில் கோவண்டி, மான்கூர்ட் பக்கம் குடிசைவாசிகளுக்கு நெருக்கியடித்துக் கட்டிய மாடிக் குடியிருப்புகளைப் பற்றி 2018-இல் வந்த ஓர் ஆய்வு, வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் டிபி கூடுதல் என்று காட்டியது. வீடு கட்டியது ஒரு துறை, மாத்திரை கொடுப்பது இன்னொரு துறை. தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிற இந்த நேரத்தில் வரைபடத்தில் ஜன்னல் எங்கே என்று டாக்டரும் பார்க்க வேண்டாமா?

அப்புறம் கணக்கு. தேடிப்போய்ச் சோதித்தால் நோயாளிகள் எண்ணிக்கை முதலில் ஏறத்தான் செய்யும். அதைத் தோல்வி என்று பயந்து முகாமை நிறுத்திவிடுவார்கள்.

2020 கொரோனா சமயத்தில் தாராவியில் நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தெருவோரக் காய்ச்சல் முகாம், அந்தந்தச் சந்தின் தனியார் டாக்டர்கள், பொதுக் கழிப்பறைகளை ஓயாமல் கழுவுவது என்று எல்லாம் ஒன்றாக நடந்தது. ஆபத்து போனதும் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுவதும் தவறுதான்.

எந்த ரூமில் யார் இருமுகிறார் என்பது வீடு வீடாகப் போகும் ஆரோக்ய சேவிகா அக்காக்களுக்குத் தெரியும். திட்டம் போடும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு மட்டும் வைக்காதீர்கள்; அந்நேரம் அவர்கள் ஏதாவது ஒரு சந்தில் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார்கள்.