உரசிச் செல்லும் அயனியின் ஒளி: அளக்கும்போது நேரும் தவறுகள்

வழவழப்பான உலோகப் பரப்பை ஓர் ஆர்கான் அயனிக் கற்றை லேசாக உரசிவிட்டுப் போகிறது, குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதுபோல. அப்படி வெளியேறும் அயனிகள் உமிழும் ஒளியில் வலுவான வட்டத் தளவிளைவு இருக்கும், அதாவது ஒளி அலையின் அதிர்வுத் திசை வட்டமாகச் சுழலும் (circular polarization). 1970களின் நடுவில் பெர்லினில் இயற்பியலாளர் ஆன்ட்ரேயின் குழுவினர் இதைக் காட்டினார்கள். காரணத்தை எளிமையாகச் சொல்லலாம். அயனியில் உட்கார்ந்து பார்த்தால் கீழே பரப்பு பின்னோக்கி ஓடுகிறது. அங்கிருந்து அயனி பிடிக்கும் எலக்ட்ரானும் அந்தப் பின்னோக்கிய வேகத்தோடுதான் ஏறுகிறது. அதனால் சாலையில் உருளும் சக்கரம் எந்தப் பக்கம் சுழலுமோ, அந்தப் பக்கமே எலக்ட்ரான் சுற்றுகிறது. அந்தச் சுழற்சிதான் ஒளியில் வட்டத் தளவிளைவாகத் தெரிகிறது. அழகான விளைவு. ஆனால் அளக்கும்போது கருவியின் குணத்தை அயனியின் குணம் என்று எழுதிவிடுவது மிகச் சுலபம்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. ‘தளவிளைவு’ என்றதும் ஒரு தளம் மனதில் வந்துவிடுகிறது. ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலராய்டு வடிகட்டியைச் சுழற்றிப் பார்க்கிறோம், ஒளியின் செறிவு மாறவில்லை, ‘தளவிளைவே இல்லை’ என்று முடிவு கட்டுகிறோம். வட்டத் தளவிளைவு ஒளி எந்தக் கோணத்திலும் போலராய்டை ஒரே அளவில்தான் கடக்கும், சாதாரண ஒளியைப் போலவே. முன்னால் ஒரு கால் அலைத் தகடு, அதாவது ஒரு திசை அதிர்வை மற்றதைவிடக் கால் அலை பின்தங்க வைக்கும் தகடு, இருந்தால்தான் வேறுபாடு தெரியும். அதுவும் சரியான அலைநீளத்துக்கான தகடாக இருக்க வேண்டும். 590 நானோமீட்டருக்குச் செய்த தகட்டை ஆர்கான் அயனியின் 461 நானோமீட்டர் நீலக் கோட்டுக்கு வைத்தால், கிடைப்பது கால் அலை இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஓர் அலை.

அப்புறம் எதைச் சுழற்றுவது? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியின் கீற்றணி (grating) எல்லாத் திசை அதிர்வையும் சமமாக அனுப்பாது. போலராய்டைச் சுழற்றினால் அந்தச் சமமின்மையே தளவிளைவாகப் பதிவாகும். போலராய்டை அசையாமல் வைத்து, தகட்டை மட்டும் சுழற்றுங்கள். கீற்றணிக்குள் எப்போதும் ஒரே திசை அதிர்வுதான் நுழையும், அதனால் அதன் பாரபட்சம் கணக்கில் வராது. தளவிளைவற்ற விளக்கை வைத்து முதலில் சுழியம் வருகிறதா என்று பார்ப்பதும் அவசியம். இடமா வலமா என்பதை ‘ஒளி வரும் திசையை நோக்கி நின்று பார்க்கும்போது’ என்று சேர்த்தே எழுதுங்கள். ஒளியியலில் வலம் எனப்படுவது துகள் இயற்பியலில் இடமாகிவிடும்.

கோணத்திலும் பள்ளிப் பழக்கம் இடறும். ஒளியியலில் படுகோணத்தைச் செங்குத்திலிருந்து அளப்போம். இங்கே 1° என்றால் பரப்பிலிருந்து 1°. அந்தக் கோணத்தில் 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அயனி பரப்பைக் குத்தும் திசையில் கொண்டிருப்பது சுமார் 91 எலக்ட்ரான்வோல்ட்தான். அதனால்தான் உள்ளே புதையாமல் திரும்புகிறது. 2° ஆக்கினால் அது 365 ஆகிவிடும். ‘ஒரு டிகிரிதானே’ என்று விடவே கூடாது. இன்னொன்று: 1 மில்லிமீட்டர் அகலக் கற்றை 1° சாய்வில் பரப்பின்மேல் 57 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரவும். 10 மில்லிமீட்டர் உலோகப் படிகத்தை வைத்தால் கற்றையின் பெரும்பகுதி படிகத்தில் படாமலே போய்விடும். கற்றையை ஒடுக்கும் மெல்லிய பிளவு (slit) இல்லாமல் வேலை நடக்காது.

காந்தப்புலத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்த அயனி 1 நானோநொடியில் 1.2 மில்லிமீட்டர் ஓடும். ஒளியை உமிழும் முன் எலக்ட்ரான் இருக்கும் கிளர்நிலை 8 நானோநொடி நீடித்தால் ஒளி ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் அயனிப் பம்பின் (வெற்றிடம் உண்டாக்கும் கருவி) காந்தத்திலிருந்து 10 காஸ் கசிந்தால்கூட, எலக்ட்ரானின் சுழற்சி அச்சு அதற்குள் 40° வரை திரும்பிவிடலாம்.

ஒளி தளவிளைவுற்றதால் அணுக்கருவின் தற்சுழற்சியும் ஒரு திசையில் சீரமைந்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு. ஆர்கான்-40 கருவுக்குத் தற்சுழற்சியே கிடையாது, சீரமைக்க அதில் ஒன்றுமில்லை. கருவின் தற்சுழற்சி 1 ஆக உள்ள நைட்ரஜன்-14 போன்றவற்றில்தான் எலக்ட்ரானின் சுழற்சி மீநுண் இடைவினை (எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையிலான நுண்ணிய காந்தப் பிணைப்பு) வழியாகக் கருவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறும்.