ஸ்டேப்பிள் கன்: கைப்பிடியை அழுத்தும் முன்பே நேரும் தவறுகள்

நாற்காலி இருக்கைக்குப் புதுத் துணி போட்டு, ஸ்டேப்பிள் கன்னால் ஸ்டேப்பிள் பின் அடிக்கிறோம். 'டக்' என்று சத்தம் கேட்கிறது. கருவியை எடுத்துப் பார்த்தால், பின் பாதி மரத்திலும் பாதி வெளியிலுமாக நிற்கிறது. துணியை இழுத்தால் அதன் அடியில் நகர்கிறது. உடனே கருவி மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் குற்றம் கருவியுடையது அல்ல. பின் பெட்டியை வாங்கியபோதோ, கருவியை மரத்தின் மேல் வைத்தபோதோ தவறு நடந்து முடிந்திருக்கும்.

கையால் இயக்கும் ஸ்டேப்பிள் கன்னுக்குள் கெட்டியான ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. கைப்பிடியை அழுத்த அழுத்த அது இறுகுகிறது. ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபட்டு, தட்டையான எஃகுத் தகடு ஒன்றைக் கீழே வீசுகிறது. அந்தத் தகடுதான் பின்னை அடித்து இறக்குகிறது. ஆகவே அடியின் பலம் ஸ்பிரிங்கினுடையது. நாம் எவ்வளவு ஆவேசமாக அழுத்தினாலும் அது அதிகமாகாது.

நீளமான பின்தான் உறுதியானது என்று நினைப்பதே நான் அதிகம் பார்க்கும் தவறு. மரத்துக்குள் இறங்கும் பின்னின் கால் நீண்டால் மரம் கொடுக்கும் எதிர்ப்பும் கூடுகிறது. அந்த எதிர்ப்பை ஸ்பிரிங் தாண்ட முடியாவிட்டால் பின் நடுவழியில் நின்றுவிடும், அல்லது கால் மடங்கிவிடும். பின்களின் கால்கள் வழக்கமாக 6, 8, 10, 12, 14 மில்லிமீட்டர் நீளங்களில் கிடைக்கின்றன. மெல்லிய துணியைக் கடினமான மரத்தில் பதிக்க 6 போதும். மடித்த துணிக்கும் நடுத்தரக் கடினமுள்ள மரத்துக்கும் 8. மென்மரத்தில் தடித்த துணியையோ விரிப்பையோ பதிக்கும்போதுதான் 10, 12 தேவைப்படும். அடியில் இருக்கும் பலகையின் கனத்தையும் பாருங்கள். 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் மெல்லிய துணியை 12 மில்லிமீட்டர் பின்னைக் கொண்டு அடித்தால், கால் மறுபக்கம் எட்டிப் பார்த்துக் கையைக் கிழிக்கும். எந்த வேலையானாலும் அதே மரத்தின் துண்டு ஒன்றில் மூன்று பின் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம்.

இன்னொரு சிக்கல், பின்னின் வகை. 53 வகை மெல்லிய கம்பியால் ஆனது, முதுகு, அதாவது இரண்டு கால்களையும் இணைக்கும் மேல்பகுதி, சற்று அகலம். துணி வேலைக்கு ஏற்றது. 140 வகை தட்டைக் கம்பி, முதுகு சற்றுக் குறுகல். இரண்டின் அகலத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லாததால் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். கிடைத்ததைத் திணித்தால், ஒன்று பாதையில் சிக்கும், அல்லது ஆடிக்கொண்டே போய்க் கோணலாக இறங்கும். கருவியின் உடலில் எந்த வகை என்று பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே பின் வாங்குங்கள்.

இப்போது பிடிக்கும் முறை. என்னைக் கேட்டால், பாதி நிற்கும் பின்களுக்கு முதல் காரணம் இதுதான். தகடு கீழே பாயும் அதே நொடியில் கருவி மேலே உதைக்கிறது. மூக்கு, அதாவது பின் வெளியே வரும் முனை, மயிரிழை தூக்கினாலும் போதும், அந்த அளவுக்குப் பின் மரத்துக்கு வெளியே நின்றுவிடும். பழைய அமைப்பில் கைப்பிடியின் கீல் முன்பக்கம், நாம் அழுத்துவது பின்பக்கம். அதனால் மூக்கு தூக்குவது இயல்பு. மற்றொரு கையின் உள்ளங்கையை மூக்குக்கு நேர் மேலே வைத்து உடலின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். ஒரே பின் பெட்டி, ஒரே மரம், ஆனாலும் வித்தியாசம் உடனே தெரியும். முன்பக்கமே அழுத்தும் அமைப்புள்ள கருவிகளும் உண்டு. அவற்றில் கையின் பலம் மூக்கின் மேலேயே விழுகிறது. சிறிய கை உள்ளவர்கள் வாங்கும் முன் கைப்பிடியை இருபது முறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு நாற்காலிக்கே ஐம்பது, அறுபது பின் ஆகிவிடும்.

மெல்லிய சட்டத்தில் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே பின்னை அடித்தால் இரண்டு கால்களும் ஒரே இழையில் ஆப்பு போல இறங்கி மரத்தைப் பிளக்கும். பின்னின் முதுகு இழைக்குக் கொஞ்சம் சாய்வாகக் குறுக்கே இருக்கும்படி அடியுங்கள்.

துணி போர்த்தும்போது ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டே போகக் கூடாது. என் முதல் நாற்காலியில் நான் அப்படித்தான் செய்தேன். கடைசிப் பக்கம் வருவதற்குள் கோடு போட்ட துணி ஒரு விரல் அகலம் சாய்ந்திருந்தது. எல்லாப் பின்னையும் பிடுங்கி மறுபடி அடித்தேன். நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொரு பின், எதிரெதிராக. பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி இரு பக்கமும் சமமாக. மூலை மடிப்பு எப்போதும் கடைசி.

மின்கம்பியைச் சுவரோரம் பதிக்கத் தட்டை முதுகுப் பின்னைப் பயன்படுத்துவது தவறு மட்டுமல்ல, ஆபத்து. முதுகு உறையை நசுக்கும், கால் செம்புவரை குத்தும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மின்சாரம் ஓடும் கம்பிக்கு அதற்கான கிளிப்புகளே வேண்டும்.

பின் சிக்கிக்கொண்டால் மூக்கை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்காதீர்கள். முதலில் பின்களை முன்னே தள்ளும் தள்ளுகோலை வெளியே இழுத்து மீதிப் பின்களைக் கொட்டுங்கள். பிறகு வளைந்து கிடப்பதைக் குறட்டால் எடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே அடியுங்கள். முறிந்த கால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. காலிக் கருவியை வெறுமனே அடித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். தடுக்கப் பின் இல்லாதபோது தகட்டின் முழு வேகமும் கருவியின் உடலிலேயே விழுகிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு பின் அரை மில்லிமீட்டர் நின்றால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அதற்கு மேல் நின்றால் தட்டாதீர்கள், கால் உள்ளே மடங்கிவிடும். தட்டைத் திருப்புளியை முதுகுக்கு அடியில் நுழைத்து, ஒரு பக்கக் காலை முதலில் கிளப்பி, மற்றதைக் குறட்டால் நேராக இழுங்கள். துணியில் ஓட்டை விரியாமல் வந்துவிடும். அடுத்த பின்னை அதே துளையில் அல்லாமல் ஒரு விரல் தள்ளி அடியுங்கள்.