கல்லூரிச் செலவையும் முதல் சம்பளத்தையும் ஒப்பிடும்போது எங்கே தப்புகிறது?

ஒரு பக்கம் கல்விக் கட்டணம், மறுபக்கம் வேலைக்குச் சேரும்போது நிறுவனம் சொல்லும் பேக்கேஜ், அதாவது சலுகைகளையும் சேர்த்த ஆண்டுச் சம்பளக் கணக்கு. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக் கல்லூரியை முடிவு செய்தால் கணக்கு உதைக்கும். இரண்டுமே முழுமையான எண்கள் இல்லை.

அதிகம் அடி விழுவது கல்விக் கடனில்தான். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால் வட்டியும் ஏறாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 10% தனிவட்டியில், நான்கு ஆண்டுகளும் ஆண்டுத் தொடக்கத்தில் 25,000 வீதம் மொத்தம் 1,00,000 வாங்கினால், படிப்பு முடியும்போது வட்டி மட்டும் 25,000 சேர்ந்திருக்கும். அந்த 1,25,000-ஐ அதே 10% வட்டியில் 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 1,652, கட்டி முடிக்கும் மொத்தம் ஏறத்தாழ 1,98,000. வாங்கியதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கட்டணத்தோடு இந்த வட்டி, விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர வேண்டும். படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் அந்த நான்கு ஆண்டுகளில் வந்திருக்கும் சம்பளமும் செலவுதான். இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

அடுத்தது 'சராசரிச் சம்பளம்'. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம், ஒருவருக்கு மட்டும் 23 லட்சம் என்றால் சராசரி 5 லட்சம். ஆனால் அந்த வகுப்பில் 5 லட்சம் வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். '95% பேருக்கு வேலை' என்றால் எத்தனை பேரில் 95% என்பதும் முக்கியம். நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்களை மட்டும் கணக்கில் எடுக்கும் கல்லூரிகள் உண்டு.

பேக்கேஜ் என்பது கைக்கு வரும் பணம் இல்லை. ஓய்வூதிய நிதிக்கு நிறுவனம் போடும் பங்கு, காப்பீட்டுப் பிரீமியம், இலக்கை எட்டினால்தான் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் இருக்கலாம். பிடித்தம் போக மாதம் வங்கியில் விழும் தொகையிலிருந்து வாடகை, சாப்பாடு, தவணை மூன்றையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனாலே தவணை நிற்கும்.

அதற்காகச் சலுகைகளை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவதும் தப்பு. குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு தரும் வேலையில் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். அதே காப்பீட்டை நீங்களே வாங்கினால் ஆண்டுக்கு என்ன ஆகும் என்று விலை கேட்டு, அதைச் சம்பளத்தோடு கூட்டுங்கள். ஓய்வூதியப் பங்கையும் அப்படியே சேர்க்கலாம். இலவசக் காபியைக் கூட்ட வேண்டாம். சேரும்போது தரும் போனஸைச் சேர்க்கும் முன், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.