இராமநாதபுரம் கடற்கரைக்கு ஏற்ற பைனாகுலரைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அதே ஆண்டில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு, முதன்முறையாகப் பறவை பார்க்கக் கிளம்பும் நண்பர்கள் பலரும் “எந்த பைனாகுலர் வாங்கலாம்?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை செலவிடக்கூடியவர், கரை, கண்மாய், படகு ஆகிய மூன்றுக்கும் பொதுவாகப் பயன்படும் ஒரே ஒரு கருவியை வாங்க வேண்டும் என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எங்கிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

தனுஷ்கோடிச் சாலையில் உள்ள கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைக் கூட்டம் பெரும்பாலும் எட்டத்திலேயே நிற்கும். கண்மாய்க் கரையில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மரத்தில் அமர்ந்திருக்கும். தூரம் குறைவு, ஆனால் காலை, மாலை மங்கிய வெளிச்சத்தில்தான் அவற்றின் நடமாட்டம் அதிகம். காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் செல்லும்போதோ உட்கார்ந்திருக்கும் இடமே ஆடிக்கொண்டிருக்கும். இந்த மூன்றில் உங்களுக்கு எது அதிகம் வாய்க்கும் என்பதைப் பொறுத்தே அடுத்தடுத்த முடிவுகள் அமையும்.

இரண்டாம் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கருவியின் மேல் 8×42 என்று எழுதியிருந்தால், முதல் எண் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்புற லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-க்கு அது 5.25 மி.மீ.; 10×42-க்கு 4.2 மி.மீ.; சட்டைப்பையில் அடங்கும் 8×21-க்கு 2.6 மி.மீ. மட்டுமே. உச்சிவெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுவதால் சிறிய கருவியும் நன்றாகவே தெரியும். அதே கருவியைப் பொழுது சாய்ந்த பிறகு கண்மாய்க் கரையில் கண்ணில் வைத்தால்தான் உருவம் இருண்டு போவது புரியும்.

உருப்பெருக்கம் கூடக் கூட நல்லது என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும். கருவி பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, கையின் நடுக்கத்தையும் அதே மடங்கு பெரிதாக்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரிச்சல்முனையில் நின்று பன்னிரண்டு மடங்குக் கருவியைப் பிடித்துப் பார்த்தவருக்கு, ஆலாப் பறவையின் அலகு நிறத்தைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். காட்சிப் பரப்பும் சுருங்கிவிடும். எட்டு பாகை அகலம் கொண்ட எட்டு மடங்குக் கருவியில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 140 மீட்டர் அகலப் பரப்பு தெரியும். ஆறு பாகை கொண்ட பத்து மடங்குக் கருவியில் அது 105 மீட்டர் அளவே. பறக்கும் பறவையைத் தேடிப் பிடிக்க முயலும் புதியவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. வெயில் ஏறி உப்பளத்தின் மேல் கானல் எழும்பிய பிறகு கூடுதல் மடங்கு எதையும் கூடுதலாகக் காட்டுவதில்லை, கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே பொதுப் பயன்பாட்டுக்கு 8×42, படகிலேயே பெரும்பொழுது கழிப்பவருக்கு 7×50 என்பது என் பரிந்துரை. மாலுமிகள் நெடுங்காலமாக 7×50 வைத்திருப்பதற்கும் ஆடும் தளம்தான் காரணம். கண்மணி முழுதாக விரியும் இரவில் அதன் ஏழு மில்லிமீட்டர் ஒளிக்கற்றையும் பயன்படும். ஆனால் கருவி கனமானது.

மூன்றாம் படி: பிரிசம் வகையையும் நீர்க்காப்பையும் எடைபோடுங்கள்

குறைந்த விலையில் வாங்குபவர் உண்மையிலேயே திணறும் இடம் இதுதான். தலைகீழாக விழும் உருவத்தை நிமிர்த்த, குழலுக்குள் இருக்கும் கண்ணாடித் துண்டே பிரிசம். பழைய பாணியில் தோள் அகன்று, குழல் வளைந்து காணப்படுவது போரோ பிரிசம். இரண்டு நேர்க்குழல்களாக ஒடுங்கி இருப்பது ரூஃப் பிரிசம். ஒரே விலையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் போரோவில்தான் உருவம் தெளிவாகவும் ஆழம் கூடியும் தெரியும். ரூஃப் பிரிசம் அதே தெளிவைத் தர வேண்டுமானால் அதன் மேல் ஒளி அலைகளின் பிசகைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங், ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடிப் பூச்சு எனச் செலவு பிடிக்கும் வேலைகள் தேவை. மலிவான கருவிகளில் முதலில் வெட்டப்படுவதும் அவைதான்.

காட்சியை மட்டும் கணக்கிட்டால் போரோவே போதும். ஆனால் மலிவான போரோக்களில் பெரும்பாலானவை அடைப்பில்லாதவை. குவியச் சக்கரத்தைத் திருப்பும்போது கண்பகுதி முன்னும் பின்னும் நகர, அந்த இடைவெளி வழியாக உப்பு ஈரமும் நுண்மணலும் உள்ளே போகும். மண்டபத்திலோ தொண்டியிலோ கடலை ஒட்டிக் குடியிருப்பவரின் கருவியில் ஈரம் தங்கி, உள் லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்துவிட்டால், அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி இரு குழல்களையும் நேராக்கும் செலவு கருவியின் விலையையே நெருங்கிவிடும். நைட்ரஜன் நிரப்பி மூடிய ரூஃப் பிரிசக் கருவிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடு இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். “ஸ்பிளாஷ் புரூஃப்” என்று மட்டும் போட்டிருந்தால் அதை நீர்க்காப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் முடிவு இதுதான்: வாரந்தோறும் கடலோரத்தில் நிற்பவரும் படகேறுபவரும், காட்சித் தெளிவில் சற்று விட்டுக்கொடுத்தாவது மூடிய ரூஃப் பிரிசத்தையே வாங்க வேண்டும்; நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42 அந்த வகையைச் சேர்ந்தது. பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் உள்நாட்டில் இருந்துகொண்டு சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்களை மட்டும் சுற்றுபவர் நிக்கான் அக்குலான் ஏ211 8×42 போன்ற போரோவை வாங்கலாம். காசு மிச்சமாகும், காட்சியும் நன்றாக இருக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்கும் கண்பகுதி லென்ஸுக்கும் இடையே இருக்கக்கூடிய தூரமான ‘ஐ ரிலீஃப்’ 15 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால்தான் கண்ணாடியைக் கழற்றாமல் முழு வட்டத்தையும் பார்க்க முடியும். மேலே சொன்ன அக்குலானில் அது 12 மி.மீ.தான்.

நான்காம் படி: லென்ஸ் பூச்சைச் சரிபாருங்கள்

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். பெட்டியின் மேல் “ஃபுல்லி மல்ட்டி கோட்டட்”, அதாவது எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு, என்று இருப்பதே வேண்டியது. வெறும் “கோட்டட்” என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஏதோ ஒரு பூச்சு என்று பொருள். ரூபி சிவப்பு நிறத்தில் மின்னும் லென்ஸ், சக்கரத்தைத் திருப்பினால் மடங்கு கூடும் ஜூம் பைனாகுலர், “இரவிலும் தெரியும்” என்ற ஒட்டுத்தாள் ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் அடுத்த கருவிக்குப் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: கையில் வாங்கிச் சோதியுங்கள்

இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிட வேண்டும். கருவியைக் கை நீட்டிய தூரத்தில் வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்தால், கண்பகுதியில் சிறிய வெள்ளை வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் பிரிசம் பேக்-4 வகைக் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரம் சாம்பல் படிந்து சதுரம் போல் வெட்டுப்பட்டிருந்தால் மலிவான பிகே-7. பிறகு பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றை அந்த வட்டத்தின் மேல் வைத்து அளந்து பாருங்கள். 20×50 என்று எழுதிய கருவியில் அந்த வட்டம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும், 5 மி.மீ. இருந்தால், முன் லென்ஸ் சொன்ன அளவிலேயே இருக்கும் பட்சத்தில், உங்கள் கையில் இருப்பது பத்து மடங்குக் கருவிதான். சுற்றுலாத் தலங்களில் தொங்கவிட்டு விற்கப்படும் பலவற்றின் சங்கதி இந்த அடிக்கோலில் வெளிப்பட்டுவிடும்.

இரண்டு குழல்களும் ஒரே இடத்தை நோக்குகின்றனவா என்று அறியக் கடலின் தொடுவானத்தை விடச் சிறந்த கோடு கிடையாது. பாம்பன் பாலத்தின் கிடைமட்ட விளிம்பும் உதவும். கோட்டைத் தெளிவாகக் குவித்துவிட்டு, கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் தள்ளிக்கொண்டு வாருங்கள். இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஏறியிறங்கிப் பிசகினால், அந்தக் கருவி அரை மணி நேரத்தில் தலைவலி தரும். முன் லென்ஸ் வழியாகக் கைப்பேசி டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் தூசியும் பூஞ்சையும் தெரியும். பழைய கருவி வாங்குபவர் இதை விடவே கூடாது.

ஆறாம் படி: உங்கள் கண்ணுக்குப் பொருத்துங்கள்

இரு குழல்களையும் மடக்கி, இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரும் அகலத்தில் வையுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பகுதியில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையத்தின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டால், பிறகு நடுச்சக்கரம் மட்டும் போதும். எல்லாம் சரியாக அமைந்தால் பூநாரையின் அலகில் இளஞ்சிவப்பு முடிந்து கறுப்பு தொடங்கும் இடம் கூர்மையாகத் தெரியும். சூரியனை மட்டும் ஒருபோதும் இதன் வழியாகப் பார்க்கக் கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கடற்படை, கடலோரக் காவல்படை நிலையங்களின் பக்கம் கருவியைத் திருப்பாமல் இருப்பதும் இந்த எல்லைக் கடற்கரையில் நல்லது.

ஏழாம் படி: உப்பிலிருந்து காப்பாற்றுங்கள்

கரையிலிருந்து திரும்பியதும் லென்ஸை வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ துடைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர்க் குமிழால் ஊதி மணலை அகற்றி, பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். நீர்க்காப்புள்ள கருவியென்றால் நன்னீரை மெல்ல ஊற்றிக் கழுவி நிழலில் உலர்த்தலாம். மற்றவற்றுக்கு ஈரத்துணி மட்டும். தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் வைப்பது பூஞ்சைக்கு இடம் கொடுப்பதாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள்; ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அவை ஈரத்தை முழுதாக உறிஞ்சிவிட்டன என்று பொருள். அவற்றைச் சமையல் பாத்திரத்தில் வறுத்து மீட்க முயலாமல், புதிய பொட்டலங்களை மாற்றிவிடுங்கள்.