கடல் காற்றாலைத் திட்டமும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளும்

காற்றின் வேகத்தைக் கணக்கிடும் முன்பே, பாதுகாக்கப்பட்ட பகுதிகளையும் பறவைகள், ஓங்கில்கள் (டால்பின்கள்), மீன்கள் செல்லும் வழிகளையும் ஒரே வரைபடத்தில் குறித்து, அவற்றை விட்டு விலகிய இடத்தையே தேர்ந்தெடுங்கள். இடத்தேர்வில் நேர்ந்த பிழையைப் பிற்பாடு எந்தத் தொழில்நுட்பமும் முழுதாகச் சரிசெய்வதில்லை. எல்லைக்கு வெளியே இருந்தால் மட்டும் போதாது, ஏனெனில் ஒலியும் கலங்கிய சேறும் எல்லைக்கோட்டை அறியா. கள ஆய்வு எல்லாப் பருவங்களிலும் நடக்கட்டும்.

காற்றாலையைத் தாங்கும் தூண்களைக் கடலடியில் அறையும் ஓசைதான் பெருங்கேடு. ஜெர்மனியில் 750 மீட்டர் தொலைவில் அது 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. தூணைச் சுற்றிக் கடலடியில் கிடத்திய துளைக்குழாயிலிருந்து காற்றுக்குமிழிகள் திரையாக எழுந்து ஒலியைத் தணிக்கின்றன. தூணின் மீது முதல் சம்மட்டி அடிகள் மெதுவாக விழுந்தால் விலங்குகள் விலகிச் செல்ல அவகாசம் கிடைக்கும். மின்வடத்தைக் கடற்புல் படுகையின் குறுக்கே புதைக்காதீர்கள். சுற்றிச் செல்லும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.